கதவில் செருகிய வேப்பிலை

நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. சுரங்கத்துக்காக எங்கள் ஊரை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கு வேலையும் நெய்வேலியில் குவார்ட்டர்ஸும் கொடுத்திருந்த சமயம். பட்டணத்திலிருந்து படிக்கிற பிள்ளைகள் சிலர் வந்தார்கள். எங்கள் பிழைப்பு எப்படி மாறியது என்று ஆராய்ச்சி செய்து, ஊரே பார்க்கட்டும் என்று எடுத்த படங்களைப் பள்ளிக்கூடத்தில் மாட்டிவைத்தார்கள்.

நானும் நல்ல புடவையாக உடுத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு போனேன். அங்கே என் படம்! குவார்ட்டர்ஸ் வாசலில் கல்லைக் கூட்டி நான் கஞ்சி காய்ச்சுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும்; கீழே இருந்ததை அவர்தான் படித்தார்.

"அடுப்படி கட்டிக் கொடுத்தும் பழைய பழக்கத்தை விடாத பெண்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. படங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன்.

"ஏம்மா, படத்துல கதவப் பாரு. வேப்பில சொருவி இருக்குதே, தெரியில? இந்தப் புள்ள அம்மை போட்டுகினு கெடந்துச்சு. உள்ள புகையும் சூடும் ஆவாதுன்னு வெளியில காச்சினேன். ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"கோவிச்சிக்காதீங்கக்கா. மாத்தி எழுதிடறோம்."

"நீ எழுதித்தான் நான் நல்லவளாவணுமா?"

படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன்.

"அக்கா, அது எங்க படம்!"

"மூஞ்சி யாருது?"

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாடி, எல்லாரும் பாக்கறாங்க. மானம் போவுது."

"போனதத்தான் எடுத்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டு, படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.