ஊர் சுற்றிய ஓரக் குறிப்புகள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒற்று’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. பதினெட்டு வருடமாக ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்து, க், ச், த், ப் விட்டுப்போன இடத்திலெல்லாம் சிவப்பில் சுழித்துச் சுழித்து இந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர், “எங்க கல்யாணப் பத்திரிகையிலயே மூணு பிழை கண்டுபிடிச்சா. நாலாவது நான்தான்னு பயந்தேன். நல்லவேளை, திருத்தாம விட்டுட்டா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

காகிதம் போய்க் கணினி வந்த பிறகு வேலை சுலபமானது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். எழுத்தாளருக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்தின் ஓரத்திலேயே சின்னக் கட்டம் போட்டு எழுதிவிடலாம். ஒற்றுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓரத்தில் எழுதும்போது இன்னும் ஒரு முழம் கூடும். ஆனால் எந்த எழுத்தாளரும் கோபித்துக்கொண்டதில்லை. வைத்தியரின் அறைக்குள் சட்டையைக் கழற்றுவதுபோல்தான் அது. உள்ளே இருப்பது இரண்டே பேர், கதவு சாத்தியிருக்கிறது.

அந்த வருடம் அவள் கைக்கு வந்தது ஒரு துப்பறியும் நாவல். எழுதியவர் மருந்துக்கடைக்காரர். கடையில் நின்றபடியே, ஒரு சீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து அடுத்த சீட்டு வருவதற்குள் இரண்டு வரி என்று ஐந்து வருடம் எழுதியது. அப்படி எழுதினால் கதை இடையிடையே இற்றுப்போகத்தானே செய்யும்? ஒற்று ஓரத்தில் விளாசியிருந்தாள். ‘இந்த ஆள் நாற்பதாம் பக்கத்திலேயே செத்துவிட்டார். இங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறார்.’ ‘மழை பெய்கிறது என்று நான்கு பக்கமாகச் சொல்கிறீர்கள். நனைந்துவிட்டோம்.’ ஆய்வாளர் ஒரு கையில் குடை, ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் துப்பாக்கியுடன் வரும் இடத்தில், ‘இவருக்குக் கை எத்தனை?’

மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்தார். பிறகு ஒன்றரை மாதம் உட்கார்ந்து திருத்தினார். புத்தகம் அச்சுக்குப் போயிற்று. வெளியீட்டுக்கு இன்னும் பத்து நாள்.

அப்போதுதான் அந்தப் பேருந்துப் பயணம். காலை வேளை. பக்கத்து இருக்கைப் பெண் செல்போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் ஒற்றிடமே திரும்பி, “அக்கா, இதைப் படிங்களேன். யாரோ ஒரு பொம்பளை, எழுத்தாளரைப் பிச்சு உதறியிருக்காங்க” என்று திரையை நீட்டினாள்.

திரையில் ஒற்றின் எழுத்து. ‘நனைந்துவிட்டோம்.’

“இது எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டாள் ஒற்று.

“எல்லா குரூப்லயும் சுத்துதே! உங்களுக்கு வரலையா? நம்பர் சொல்லுங்க, அனுப்புறேன்.”

தன் சொந்தக் குறிப்புகளைத் தானே வரவழைத்துக்கொண்டு, அலுவலக நிறுத்தத்தில் இறங்கினாள்.

அங்கே ஏற்கெனவே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. பதிப்பாளர் கோபம் ஏற ஏறக் குரலைத் தாழ்த்துகிற ஆள். அன்று அவர் உதடு மட்டும்தான் அசைந்தது. எதிரே அச்சகக்காரர் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

“இருபது வருஷமா உங்க புத்தகம் அடிக்கிறேன். ஒரு தாள் வெளியே போயிருக்கா?” என்று அச்சகக்காரர் கத்தினார்.

“அப்ப எழுத்தாளரே விட்டிருப்பாரோ? நாலு பேர் பேசட்டும்னு?” என்று பதிப்பாளர் முணுமுணுத்தார்.

ஒற்று குறுக்கே வந்தாள். “சார், அச்சகத்துக்குப் போனது திருத்தின பிரதி. அதுல என் குறிப்பு ஒண்ணுகூடக் கிடையாது. இது குறிப்போட இருக்கு. இவர் மேல பழி போடாதீங்க.”

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனில் பக்கம் பக்கமாகத் தள்ளினாள். நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தோடு குறிப்புகள் நின்றுபோயிருந்தன. அதற்குப் பிறகு எழுபது பக்கம் வெறும் ஓரம். எழுத்தாளருக்கு அவள் அனுப்பிய கோப்பில் கடைசிப் பக்கம் வரை குறிப்பு உண்டு. ஆக, எழுத்தாளரும் இல்லை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்று எண்பத்தெட்டில் நிறுத்திவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். மீதியை மறுநாள்தான் முடித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, “அண்ணி, ஒரு விண்ணப்பம் பிரிண்ட் எடுத்துக்கறேன்” என்று பென் டிரைவோடு வந்தது கீழ்வீட்டு நாத்தனார்.

வேலியே பயிரை மேய்ந்தால்கூடப் பரவாயில்லை. வேலிக்குச் சொந்தக்காரியின் நாத்தனார் மேய்ந்திருக்கிறாள்!

“ஒரு மணி நேரம் கொடுங்க சார்” என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

நாத்தனார் மறைக்கவே இல்லை. “ஆமா, எடுத்தேன். கொலைக் கதைன்னா எனக்கு உசுருன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி? படிச்சேன். நல்லா இருந்துச்சு, தோழிக்கு அனுப்பினேன். யாருக்கும் அனுப்பாதேன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.”

“அவ என்ன செஞ்சா?”

“அவளும் அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருப்பா.”

“இது திருட்டு, தெரியுமா?”

“என்ன அண்ணி பேசறீங்க? திருடினா அங்கே குறையணும்ல? உங்க கம்ப்யூட்டர்ல அது அப்படியேதானே இருக்கு?” நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “போன மாசம் என் பென் டிரைவ்ல வந்த புதுப் படத்தை நீங்களும்தான் காலை நீட்டி உக்காந்து பாத்தீங்க. கீழே ஓடின எழுத்துல பிழை வேற கண்டுபிடிச்சீங்க!”

அந்தப் படத்தை எடுத்தவர்களைப் பற்றி ஒற்று ஒரு நொடிகூட நினைத்திருக்கவில்லை. அதில் பதினோரு பிழை இருந்தது மட்டும்தான் ஞாபகம்.

“பாத்தேன். அதுவும் தப்புதான்” என்றாள் கடைசியில். “இப்ப செருப்பைப் போடு. மருந்துக்கடைக்குப் போறோம்.”

“நான் எதுக்கு?”

“நான் மட்டும் போனா, உன்னைக் காப்பாத்தத் தோணும்.”

கடையில் ஒரு முதியவருக்குச் சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்ட முதியவர் போகிற போக்கில், “செத்தவர் டீ குடிச்சாராமே!” என்று சிரித்துவிட்டுப் போனார். மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். சிரிப்பு கண்வரை ஏறவில்லை.

அதைப் பார்த்ததும்தான் ஒற்றுக்கு எது உறுத்துகிறது என்று புரிந்தது. புத்தகம் போனதுகூட இரண்டாவது. இந்த மனிதரின் காதோடு சொன்னதை யாரோ ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். அதில் கேட்பது அவள் குரல்.

“சார், கசிஞ்சது என் வீட்டுலேர்ந்து. இவ என் நாத்தனார். இவதான் எடுத்தா. கம்ப்யூட்டரைப் பூட்டாம வெச்சது நான்.”

அவர் ஒரு காகித உறையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “இன்னைக்கு மட்டும் ஒன்பது பேர் அதைக் கேட்டுட்டாங்கம்மா. நீங்க சொன்னதையெல்லாம் நான் எப்பவோ திருத்திட்டேன். அது யாருக்குத் தெரியும்? ஊர்ல சுத்தறது என் புத்தகமே இல்லை.”

நாத்தனார் மெதுவாகத் தலையை நீட்டினாள். “ஏன் சார், வேற மாதிரியா இருக்கு?”

“கொலைகாரனே மாறிட்டான்.”

“ஐயோ! அந்தத் தோட்டக்காரன் இல்லையா?”

“அரைவேக்காட்டை எடுத்து ஊருக்கே பந்தி வெச்சுட்டு, உப்பு சரியில்லைன்னு சிரிக்கறீங்க. நீங்க எடுத்தப்ப நான் இன்னும் அடுப்பை அணைக்கவே இல்லைம்மா.”

திருடினால் குறைய வேண்டும் என்று கேட்டவள், எங்கே குறைந்தது என்பதை எதிரே நின்ற முகத்தில் பார்த்துவிட்டாள்போல. கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சுடுங்க சார்” என்றாள். அவர், “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினார்.

பதிப்பாளரிடமும் ஒற்று அன்றைக்கே ஒப்புக்கொண்டாள். அவர் குரல் அறவே கேட்காமல் போய், எழுதிக் காட்டினார்: இனிமேல் எந்தக் கோப்பும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து பார்ப்பது அத்தோடு முடிந்தது. அச்சகக்காரரிடம் அவள் போய்ச் சொன்னபோது, “எனக்காகப் பேசினீங்களே, போதும்” என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு மாதம் அண்ணியும் நாத்தனாரும் சிந்திய எள்ளைப் பொறுக்கினார்கள். நாத்தனார் குழு குழுவாகப் போய், ‘இதை நீக்கிவிடுங்கள், இது திருட்டுப் பிரதி, எடுத்தது நான்தான்’ என்று போட்டாள். சிலர் நீக்கினார்கள். சிலர் ‘நன்றி, எங்களுக்கு இன்னும் வரவில்லை, அனுப்பவும்’ என்று பதில் போட்டார்கள். ஒற்று இணையதளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினாள். ஒன்று மூடினால் இரண்டு திறந்தது. ஒரு தளத்துக்காரன், ‘உங்கள் கடிதத்தில் எழுத்துப்பிழை இல்லை, ஆச்சரியம்’ என்று பதில் எழுதிவிட்டுக் கோப்பை அப்படியே வைத்திருந்தான்.

ஒரு நாள் ஒரு பத்திரிகையிலிருந்து கூப்பிட்டார்கள். வாரம் ஒரு புத்தகத்தை அதே மாதிரி ஓரக் குறிப்போடு கிண்டல் செய்து எழுத வேண்டும்; பெயரும் படமும் போடுவார்களாம்.

“அது ஒருத்தர்கிட்டத் தனியா சொன்னதுங்க. எல்லாருக்கும்னா நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். கணவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். படத்துக்கென்று அவளுக்குப் புதுக் கண்ணாடிச் சட்டம்கூட மனதில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

புத்தகம் சொன்ன தேதியில் வந்தது. கொலைகாரன் வேறு என்று நாத்தனார் மூலம் பரவியதில் சிலர் வாங்கினார்கள். மூன்றாவது வாரம் அந்தப் புத்தகமும் யாராலோ படமெடுக்கப்பட்டுச் சுற்ற ஆரம்பித்தது. அதில் நடுவே நாலு பக்கம் தலைகீழாக இருந்ததாம். மருந்துக்கடைக்காரர் கொஞ்ச நாள் எழுதவில்லை. பிறகு எழுதினார். அடுத்த நாவலைத் தானே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, ஒற்றின் மேசையில் வைத்தார்.

“வழக்கம்போல எழுதுங்க. கை கூசாம எழுதுங்க” என்றார்.

நாத்தனாரிடம் மட்டும் அவர் மனம் இன்னும் இளகவில்லை. மாதா மாதம் அவளுக்கு ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக் கொடுப்பார். “காலைல ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. “வேற கடைக்குப் போயேன்” என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார்.

“போக மாட்டேன்” என்றாள் நாத்தனார். “என்னைக்காவது ஒரு நாள் பேசுவார்.”