கையெழுத்துப் போடாத ரிப்போர்ட்

சமீபத்தில் ஒரு ரிப்போர்ட்டில் மூன்று வாரம் கையெழுத்துப் போடாமல் இருந்தேன். சோம்பல் இல்லை, பயம்! தினமும் லேபுக்குள் நுழைந்ததும் டிராயரைத் திறந்து அந்த ஸ்லைடை எடுப்பேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேன்.

ஆர்.எஸ்.புரத்தில் சின்ன லேப் என்னுடையது. சர்ஜன்கள் வெட்டி அனுப்பும் சதைத் துணுக்கைப் பார்த்து, கேன்சரா இல்லையா என்று சொல்வது என் வேலை. மற்ற டாக்டர்களிடம் ஆள் வருவார். என்னிடம் பாட்டில் வரும். அதோடு ஒரு ஃபார்ம். நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன், ஆனால் அவர் தலையெழுத்தை நான் எழுத வேண்டும்... என்ன பிழைப்பு இது?

இந்தப் பாட்டிலுக்குச் சொந்தக்காரர் செல்வராஜ். வயது இருபத்தெட்டு. தாராபுரம் பக்கம் தென்னை மரம் ஏறுகிறவர். வலது தொடையில் கட்டி. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேகமாகப் பெரிதாகிறது. ஃபார்மில் 'அடிபட்டதா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார் சர்ஜன்.

ஸ்லைடைப் பார்த்தேன். செல்கள் கன்னாபின்னாவென்று பெருகிக்கொண்டிருந்தன. நடுநடுவே, தசைக்குள் எலும்பு உருவாகிக்கொண்டிருந்தது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதற்கு முதலில் வரும் பெயர் எலும்புக் கேன்சர். அப்படி எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரமே காலை எடுத்துவிடுவார்கள். அதுவும் இடுப்புக்குக் கீழே மொத்தமாக.

மரம் ஏறிப் பிழைக்கிற மனிதருக்கு!

பின்னே ஏன் தயங்கினேன்? துணுக்கின் ஒரே ஒரு ஓரத்தில் கொஞ்சம் ஒழுங்கு தெரிந்தது. அங்கே மட்டும் எலும்பு நன்றாக முற்றி, வரிசையாக இருந்தது. கேன்சருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பலமாக அடிபட்ட தசை, ஆறும்போது சில சமயம் தனக்குள்ளேயே எலும்பை வளர்த்துக்கொள்ளும். ஆபத்தில்லாத சமாசாரம், நாளாக ஆகத் தானே அடங்கிவிடும். ஆனால், அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே துணுக்கு எடுத்துப் பார்த்தால் அச்சு அசல் கேன்சர் மாதிரியே இருக்கும்.

சரி... அதற்கு முதலில் அடிபட்டிருக்க வேண்டுமே?

வெளிநாட்டு ஜர்னல்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். பக்கம் பக்கமாக ஆராய்ச்சி. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தன — நோயாளிக்கு என்ன நடந்தது என்று விசாரிக்காமல் முடிவு சொல்லாதே. இதைச் சொல்ல இத்தனை பக்கமா என்று எரிச்சலாக வந்தது.

சர்ஜனுக்குப் போன் போட்டேன்.

“அடிபட்டுச்சான்னு இன்னொரு தடவை கேளுங்க டாக்டர்.”

“மூணு தடவை கேட்டாச்சு மேடம். இல்லவே இல்லைங்கறான். இது கேன்சரா இருந்து லங்ஸுக்குப் பரவிடுச்சுன்னா யார் பொறுப்பு? நீங்களா?”

நியாயமான கேள்வி. காலைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆளையே கொன்றுவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

ஒரு வாரம் போனது. எட்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு லேபில் கரண்ட் போய்விட்டது. மைக்ராஸ்கோப் அணைந்தது, ஃபேனும் நின்றது. புழுக்கம் தாங்காமல் வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் மஞ்சள் பையோடு ஒரு இளம்பெண்.

“ஏனுங்க்கா, நீங்களும் ரிப்போட்டு வாங்கத்தானுங்களா?”

“ஆமாம்மா” என்றேன். பொய் இல்லையே. நானும் அந்த ரிப்போர்ட்டுக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன்!

“எங்கூட்டுக்காரருக்குங்க்கா. தொடைல கட்டி. தாராபுரத்துல இருந்து இதோட மூணாந்தடவ வாரனுங்க. அந்த டாக்டரம்மா இன்னும் எழுதித் தரலீங்களாமா.”

அந்த டாக்டரம்மா வாயே திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

செல்வராஜின் மனைவி மல்லிகாதான் அவர். தயங்கித் தயங்கிப் பேச்சை இழுத்தார்.

“மரத்துல இருந்து சறுக்கிப்போட்டாருங்க்கா. தொடை போய் மரத்துலயே மோதிருச்சு. எங்கூருப் பக்கம் கட்டுப் போடறவரு ஒருத்தரு இருக்காருங்க. எண்ணெய ஊத்தி ஒரு வாரம் அழுத்தி நீவி உட்டாரு. அப்பறந்தானுங்க கட்டியே வந்துச்சு. ஆஸ்பத்திரில இதொண்ணும் சொல்லலீங்க. நீங்களும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க்கா!”

சொல்லாமல் இருப்பேனா? எழுந்து உள்ளே ஓடினேன். போனுக்குக் கரண்ட் வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய புண்ணியம்!

அடிபட்டது உண்மை என்பதாலேயே கேன்சர் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு வாரம் பொறுத்து இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள் என்று கெஞ்சினேன். சர்ஜன் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். எக்ஸ்ரேயில் கட்டியைச் சுற்றி ஓடு மாதிரி எலும்பு, உள்ளே வெறும் மென்மை. இந்த வகைக் கேன்சரில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். 'கேன்சர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் பார்க்காதபோது கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேஸைப் பற்றி டாக்டர்கள் மாநாட்டில் கட்டுரை படிக்கலாம் என்று இருக்கிறேன். படங்கள் தயார். ஆனால் 'ஆய்வு முறை' என்ற பகுதியில், கரண்ட் போனதால் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன் என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?

போன திங்கட்கிழமை செல்வராஜ் மனைவியோடு வந்தார். லேசாகச் சாய்த்துச் சாய்த்து, ஆனால் இரண்டு காலாலும் நடந்து வந்தார். பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்... அடுத்த நொடியே அப்படி ஒரு கோபம்!

“ஏம்ப்பா, டாக்டர் மூணு தடவை கேட்டாரே, வாயில என்ன கொழுக்கட்டையா? காலே போயிருக்கும்! யாரோ எண்ணெய் போட்டு நீவுவாராம், இவர் காட்டிட்டு உக்காந்திருப்பாராம்... அறிவு வேண்டாம்?”

செல்வராஜ் தலையைக் குனிந்தபடி முழுவதும் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியதும், துளி மரியாதை குறையாமல் சொன்னார்:

“பாருங்க... இதுக்குப் பயந்துதானுங்க டாக்டரம்மா சொல்லாம இருந்தேன்.”