உள்ளே வேகாத பலகை

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் 'ஜெட்' என்று பெயர். மரச்சீவலில் பசையைக் கலந்து, மெத்தை மாதிரி பரப்பி அனுப்புவார்கள். அதைச் சூடான இரண்டு தகடுகளுக்கு நடுவில் நசுக்கிப் பலகையாக்கும் பிரஸ் அத்தான் கையில். மற்றவர்கள் நேரம் முடிந்து பிரஸ்ஸின் மணி அடிக்கும்வரை காத்திருப்பார்கள். இவர் அதற்கு முன்பே திறந்துவிடுவார். காத்திருப்பது சோம்பேறிகளின் வேலையாம்.

சூடு முதலில் மேல்தோலைத்தான் தொடும். இரண்டு பக்கமும் கல் மாதிரி இறுகிவிடும். நடுவுக்குச் சூடு போய்ச் சேர்ந்து பசை பிடிக்க நேரமாகும். இது அத்தானுக்கும் தெரியும்.

"நடுவை யாரு மாப்ளே பாக்கப் போறா? உப்புத்தாள் போட்டுத் தேச்சா முகம் பாக்கலாம்" என்பார்.

அதிக உற்பத்தி என்று தொழிற்சாலையும் மெச்சி, அவர் அழுத்திய பலகைகளிலேயே சிலவற்றைப் பரிசாகக் கொடுத்தது. தன் சமையலைத் தானே சாப்பிடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அப்போதுதான் ஒரு மோட்டார் மெஷின் வாங்கியிருந்தாள். பள்ளிச் சீருடை ஆர்டரும் கைக்கு வந்திருந்தது. மெஷினை வைக்க ஒரு மரமேசை வாங்கலாம் என்றாள். அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பலகை செய்யறவன் வீட்ல மரமேசையா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பரிசுப் பலகையில் மேசை வேலை. எடுபிடி நான். பலகையின் ஓரத்தில் ஸ்க்ரூவை முறுக்கினால், பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அத்தான், இது நிக்கல."

"உனக்கு முறுக்கத் தெரியல. தள்ளு."

கடைசியில் ஓட்டையில் பசையை ஊற்றி ஒப்பேற்றினார். மேசை என்னவோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

மெஷின் ஓட ஓட, அந்த அதிர்வில் மேசை உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த வாரமே ஒரு பக்கத்துக் கால் பிய்ந்து, மெஷின் தரையில் விழுந்து உடைந்தது. பாதி தைத்த சீருடைகள் அப்படியே கிடந்தன.

அத்தான் வந்ததும் தொழிற்சாலையில் பசை கலக்கிறவனைத் திட்டினார். அப்புறம் ஸ்க்ரூவை, அப்புறம் என்னை.

அக்கா அழுது முடித்திருந்தாள். உடைந்த பலகையின் நடுவில் விரலை விட்டாள். சீவல் பொலபொலவென்று மடியில் கொட்டியது.

"என் மெஷினை விடுங்க" என்றாள். "இந்தப் பலகையில எத்தனை வீட்ல கட்டில் செஞ்சிருப்பாங்க? அதுல யாரு யாரு குழந்தை தூங்குது?"

அத்தான் அவள் மடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.