செட்டு எங்களுக்கு, கேசட் அவர்களுக்கு

வாத்து சுடும் ஆட்டத்துக்கு ஐந்தாவது இடம்தான். அதற்கு மேல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. டி.வி.யோடு ஒயர் போட்டு மாட்டி ஆடும் பழைய வீடியோ கேம் செட்டைப் பற்றித்தான் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கே ஒரு செட்டுதான், அது எங்கள் வீட்டில் இருந்தது. இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஆளாளுக்குப் பழைய ஆட்டங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள். இங்கிலீஷில் பெயர் சொல்கிறார்கள், எந்த நாட்டில் செய்தது என்று பேசுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. கேசட்டின் மேல் ஏதோ சீன எழுத்து இருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது சுத்தப் பொய். கொஞ்சம் ஆட்டங்களே வேறு வேறு நம்பரில் திரும்பத் திரும்ப வரும். பெயரை நாங்களே வைத்துக்கொண்டோம். ஆகவே இது என் பட்டியல், எங்கள் பெயர்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் தனியாக ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம், நான் குறுக்கே வரமாட்டேன்.

வாத்துக்கு என்ன குறை என்றால், துப்பாக்கிதான் குறை. செட்டோடு ஒரு ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். தள்ளி நின்று சுட வேண்டும். என் சித்தப்பா மகள் டி.வி. கண்ணாடியிலேயே துப்பாக்கி முனையை ஒட்டி வைத்துச் சுடுவாள். ஒரு வாத்து தப்பாது. நான் நியாயமாகத் தள்ளி நின்று சுட்டுக் கோட்டை விடுவேன். உடனே புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். எத்தனை முறை சுட்டாலும் அந்த நாய் மேல் மட்டும் குண்டு படாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் என்னைவிடச் சில மாதம் இளையவள். ஒரே வீடு, ஒரே வகுப்பு. எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கழுகுமலை ரோட்டில் இருந்தது. சரக்கு விஷயமாக இரண்டு பேரும் சேர்ந்து மெட்ராஸ் போன ஒரு தடவை இந்தச் செட்டை வாங்கி வந்தார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவாக ஒன்று. அப்போது அது இரண்டு வீடாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது இடம் பைக்குக்கு. மண் மேட்டில் ஏறிப் பறந்து விழுகிற பைக். வேகமாக ஓட்டினால் என்ஜின் சூடாகி ஓரத்தில் நின்றுவிடும். எங்கள் ஊர் வெயிலில் அது எங்களுக்கு நியாயமாகவே பட்டது. ஒருத்தர்தான் ஆட முடியும் என்பதுதான் அதன் குறை. இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ‘ஏட்டி, அமுக்கு, அமுக்கு’ என்று உயிரை வாங்க வேண்டியதுதான்.

மூன்றாவதுக்குப் போவதற்குள் பாகப்பிரிவினை வந்துவிட்டது. ஆபீஸில் யார் சொல் செல்லும் என்பதுதான் சண்டை; அதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இரண்டு பேரும் மதிக்கிற மார்க்கெட் அண்ணாச்சி ஒருவர் வந்து நடு ஹாலில் உட்கார்ந்து சாமான்களைப் பிரித்தார். கிரைண்டர் மூத்தவருக்கு, மிக்சி இளையவருக்கு. பீரோ அங்கே, கட்டில் இங்கே. கடைசியில் வீடியோ கேமைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னது?”

“பிள்ளைக விளையாடுத சாமான், அண்ணாச்சி” என்றார் சித்தப்பா.

திருப்பியதில் கேசட் தனியாகக் கழன்று அவர் மடியில் விழுந்தது. அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டாத்தான இருக்கு! மெஷின் அண்ணனுக்கு, கேசட் தம்பிக்கு. யாருக்கும் மனத்தாங்கல் இல்லையே?”

டேப் ரிக்கார்டர் மாதிரி, எந்த மெஷினிலும் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருப்பார். ஒன்று இல்லாமல் மற்றது ஓடாது என்று நியாயம் சொல்ல வந்தவருக்கு யார் சொல்வது? அப்பா தலையாட்டினார். சித்தப்பாவும் தலையாட்டினார். அவர்களுக்கும் தெரியாது. அடுக்களை வாசலில் நின்ற நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம், வாயைத் திறக்கவில்லை. செட்டு முழுசாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தால், மற்றவள் அந்த வாசலை மிதிக்க ஒரு காரணமும் மிஞ்சியிருக்காது.

ஆபீஸ் இரண்டானது, வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது. அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஆபீஸுக்குப் போன பிறகு, அவள் டிபன் டப்பாவுக்குள் கேசட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். சித்திக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் தெரியும். அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான் அவர் அனுமதி.

இப்போது மூன்றாவது: மீசைக்காரன். காளான் தின்று பெரிதாகி, குழாய்க்குள் இறங்கி ஏறுகிறவன். உலகமே இதற்கு முதல் இடம் கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். கொடுக்கட்டும். இரண்டு பேர் ஆடலாம் என்று போட்டிருப்பானே ஒழிய, ஒருத்தி செத்தால்தான் மற்றவளுக்கு முறை வரும். அவள் சாகவே மாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் குழிக்குள் விழ வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பேன். வாரத்தில் ஒரு நாள், அதிலும் சித்தப்பா திரும்பும் வரைதான் அவள் இருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கேடு நினைத்துக்கொண்டு உட்காருவது என்ன விளையாட்டு? மூன்றாவது இடமே பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது.

இரண்டாவது, ரெண்டு துப்பாக்கி. சட்டை போடாத இரண்டு பேர் காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள். இது உண்மையாகவே சேர்ந்து ஆடும் ஆட்டம். அருவியில் பாறை பாறையாக மேலே ஏற வேண்டிய இடம் ஒன்று வரும். முன்னால் ஏறுகிறவள் அவசரப்பட்டால் படம் மேலே நகர்ந்து, கீழே நிற்கிறவள் செத்துப்போவாள். எதிரி யாரும் வேண்டாம், கூட வந்தவளே போதும். “நில்லுட்டி, நான் வாரேன்லா!” என்று கத்துவேன். அவள் நிற்பாள். ஆனால் நின்றுகொண்டே காலை ஆட்டுவாள். அவளுக்குப் பொறுமை என்பது எப்போதும் கடன் வாங்கினதுதான்.

முதல் இடம் டாங்கிக்கு. பார்க்க ஒன்றுமே இருக்காது. கறுப்புத் தரை, செங்கல் சுவர், நாலு பக்கமும் டாங்கிகள். கீழே நடுவில் சின்னச் செங்கல் கூட்டுக்குள் ஒரு கழுகு இருக்கும். அதை இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். அதற்குக் கழுகுமலை என்று பெயர் வைத்திருந்தோம். “ஏட்டி, கழுகுமலைக்கு வந்துட்டான்!” என்று அலறினால் எங்கே இருந்தாலும் திரும்பி வர வேண்டும். அவள் வரமாட்டாள். மேலே போய் வேட்டையாடிக்கொண்டிருப்பாள். நான் ஒருத்தியாகக் கீழே காவல் நிற்பேன். சில நேரம் பதற்றத்தில் என் குண்டே பட்டுக் கழுகு போய்விடும். அதற்கும் அவள் என்னைத்தான் திட்டுவாள்.

இதற்கு ஏன் முதல் இடம் என்பதற்குக் காரணம் ஒரே ஒரு சாயங்காலம்தான். அதற்குப் பிறகு வீடு ஒன்றானது என்று எழுதினால் பொய். ஆபீஸ் இன்றைக்கும் இரண்டுதான், நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு பெயிண்ட்தான்.

ஐப்பசி மாதம் ஒரு நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. அவள் வயசுக்கு வந்துவிட்டாள். அப்பா சவரம் செய்வதை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு பாதி நுரையோடு வாசலைப் பார்த்தார். முறைப்படி பங்காளிகளில் பெரியப்பா வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வந்து சொல்ல வேண்டும். யாரும் வரவில்லை. மூத்தவர் தானாக வந்து விசாரிப்பார் என்று அவர்கள் காத்திருந்தார்களாம். இவர் அழைப்புக்குக் காத்திருந்தார். மறுநாளும் அப்படியே போயிற்று.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். “நல்லதுக்கு அழைக்காத வீடுன்னு ஆயிட்டா அப்புறம் என்ன இருக்கு? பிள்ளைக போக்குவரத்தும் அத்தோட போச்சு.” அது எங்கள் பக்கத்து வழக்கம். வாய்ச்சண்டை ஆறிவிடும், வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தால்கூடச் சரியாகிவிடும். ஒரு சடங்குக்கு அழைக்காமலோ போகாமலோ விட்டால் அந்த உறவு முடிந்தது என்று ஊரே எழுதிக்கொள்ளும். பெரியவர்கள் எப்படியும் போகட்டும், எனக்கு அவள் வேண்டும்.

சடங்கு வரைக்கும் அவளைத் தனி அறையில் உட்கார வைத்திருப்பார்கள். அவளால் வர முடியாது. கேசட் அங்கே இருக்கிறது. சாயங்காலம் அப்பா வருவதற்கு முன்னால் செட்டைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, ஒரு பழைய பாவாடையில் பொதிந்து எடுத்தேன். அம்மா பார்த்தாள். “அப்பா கேட்டா நான் பாக்கலன்னுதான் சொல்லுவேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் வாசலிலிருந்து அவர்கள் வாசல் பத்தடி இருக்காது. சுவர் எழும்பிய பிறகு எங்கள் வீட்டு ஆள் யாரும் அதைத் தாண்டியதில்லை. சித்தி கதவைத் திறந்தாள். என்னையும் பாவாடைப் பொதியையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் டி.வி. ஸ்டாண்டை மகள் அறை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர், புதுத் தாவணியில் அவள். என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவள் தொட்டதை நாங்கள் தொடக்கூடாது. சித்தி கேசட்டை எடுத்துச் செட்டில் சொருகிவிட்டு, சற்று யோசித்தாள். ஒயரோடு இருந்த இரண்டு கைப்பிடிகளில் ஒன்றை அவள் பக்கம் தரையில் தள்ளினாள். “அது அவளுக்கு, இது ஒனக்கு. முடிஞ்ச பெறகு மஞ்சத்தண்ணி தெளிச்சு எடுத்துக்கிடலாம்.” அப்படித்தான் செய்தாள். அந்தக் கைப்பிடியில் ஒரு பட்டன் பிறகு ஒழுங்காக எழும்பவே இல்லை.

நிலைப்படிக்கு உள்ளே அவள், வெளியே நான். ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சித்தப்பா ஆபீஸிலிருந்து வந்தார். என்னைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார். பிறகு மூலையில் போய் உட்கார்ந்தார். அடுத்து தெருவில் அப்பா குரல்.

“ஏட்டி, வெளிய வா. அதையும் எடுத்துக்கிட்டு வா.”

பாகத்தில் வந்த சாமான் அந்த வாசல் தாண்டியதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். அல்லது நான் தாண்டியது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “இந்த ஸ்டேஜ் முடியட்டும்ப்பா” என்றேன்.

அவர் உள்ளே வரவும் மாட்டார், வீட்டுக்குப் போகவும் இல்லை. சித்தப்பா எழுந்தார். ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துச் சேர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தம்பி போட்ட சேரில் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டேஜ் முடிந்தது. அடுத்தது தானாக வந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. தோற்றால் செட்டைத் தூக்கிக்கொண்டு நான் போயாக வேண்டும், அவரும் எழுந்துவிடுவார். இரண்டு பேருக்கும் அது தெரியும். அன்றைக்கு அவள் வேட்டைக்குப் போகவில்லை. கழுகுக்கு இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். கை வியர்த்து வழுக்கியது. அதுவரை கண்ணால் பார்த்தேயிராத ஸ்டேஜ்களெல்லாம் வந்தன. மிச்ச உயிரெல்லாம் போய், ஆளுக்குக் கடைசி ஒரு உயிரோடு ஆடினோம். சித்தப்பா எப்போது எங்கள் பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. “ஏட்டி, கழுகுமலைக்கு வந்துட்டான்!” என்று அவள் கத்தியபோது, “வலது பக்கம், வலது பக்கம் பாரு பிள்ள!” என்று அவரும் கத்தினார். தெருவில் சேர் மறுபடி கிறீச்சிட்டது.

அப்போது கரண்ட் போயிற்று.

தெரு முழுக்க இருட்டு. அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நாங்கள் தோற்கவில்லை. ஆனால் ஆட்டம் போய்விட்டது, அவர் எழுந்து போகக் காரணம் வந்துவிட்டது. சித்தப்பா தட்டுத் தடவி வாசலுக்குப் போனார்.

“உங்க பக்கமும் போயிட்டாண்ணே?”

சித்தி தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற வீட்டில் அவசரத்துக்கு ஒரு குச்சி கிடைக்கவில்லை.

“தெரு பூராம் போயிட்டுலே” என்றார் அப்பா.

பிறகு வேறு பேச்சு வந்தது. மேகம் போட்டிருக்கிறது, குச்சி காயவில்லை, உங்கள் ஆபீஸில் எப்படி, எங்கள் ஆபீஸில் அதே கதைதான். கடைசியில் சித்தப்பா குரல் தாழ்ந்தது. “காலைல தாம்பாளத்தோட வாரேண்ணே. பிள்ளைக்குச் சடங்கு வைக்கணும்.” அப்பா தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது. இருட்டில் அவள் கை நிலைப்படியைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தது. தொடக்கூடாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

லைட் வந்தது. கையை எடுத்துக்கொண்டோம். டி.வி.யில் முதல் பக்கம் வந்து நின்றது: ஒருத்தரா, இரண்டு பேரா? அத்தனை ஸ்டேஜும் போய்விட்டது. நான் ஒயரைச் சுற்றப் போனேன்.

“என்னட்டி, முடிஞ்சுதா?” என்று தெருவிலிருந்து அப்பா கேட்டார்.

“கரண்ட் போனதுல எல்லாம் அழிஞ்சு போச்சுப்பா. மறுபடி மொதல்ல இருந்துதான் ஆடணும்.”

“அப்பம் மொதல்ல இருந்து ஆடுங்க” என்றார். “நான் இருக்கேன்.”