போயா நாளில் அப்பா

பௌர்ணமி நிலா பட்டதும் ஒரு மனிதன் ஓநாயாக மாறும் கதையை என் மகன் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

"நெசமாவே இப்பிடி நடக்குமாம்மா?" என்றான்.

எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது.

டயகம தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டுக்கு அப்பா வருவதற்கு முன்பே சாராய வாடை வந்துவிடும். அம்மா சட்டி பானைகளை எடுத்து மறைத்து வைப்பார். பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று மட்டும் நாடு முழுக்கச் சாராயக்கடைகளுக்குப் பூட்டு. அன்றைக்கு அப்பா முகம் மழித்து, எனக்குத் தலை சீவிவிட்டு, ரொட்டிக்குத் தேங்காய் துருவித் தருவார். குரல்கூட வேறாக இருக்கும்.

என்னோடு படித்த சுமதி, கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். அவளைப் போயா நாளில் மட்டுமே வீட்டுக்குக் கூப்பிடுவேன். காரணம் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அவள் சொல்லாமல் வந்து, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கதவைப் பார்த்தேன். அப்பா வரவில்லை. மழையில் அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் பார்த்தேன். லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். அதே வாடை.

"வாசல்ல அந்தப் புள்ளயோட சப்பாத்தப் பாத்தேன்," என்றார். "இன்னைக்குப் போயா இல்லையேம்மா. அதான் இங்கயே உக்காந்துட்டேன்."

மகன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாத்தாவைப் பற்றி நான் இதுவரை அவனுக்குச் சொன்னதெல்லாம் போயா நாளில் நடந்தவை மட்டும்தான்.