காலடி கேட்டு ஆள் எடுத்தவர்

கல்முனையில் எங்கள் கழகத்துக்குக் கால்பந்து பழக்கியவர் ஒல்லியான மனிதர். தொப்பிக்குக் கீழே கண்கள் எப்போதும் பாதி மூடியே இருக்கும். ஓரங்களில் ஓடும் விங்கர்களைத் தெரிவு செய்யும்போது முழுதாகவே மூடிக்கொள்வார். கடற்கரை மைதானத்தின் இறுகிய மணலில் நாங்கள் ஒவ்வொருவராக ஓட, அவர் முதுகைக் காட்டி நின்று காலடியை மட்டும் கேட்பார். யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்பது அதோடு முடிவாகிவிடும்.

வலது ஓரத்தில் என்னைவிட வேகமாக ஓட ஆளில்லை. ஆனாலும் இறுதிப் போட்டியில் என்னை அவர் இறக்கவேயில்லை. தோற்றோம். அழுகையும் கோபமுமாக அவரிடம் போனேன்.

“என்னத்துக்கு சேர் என்ன வெளியில வெச்சீங்க? நான்தானே வேகம்?”

“ஓம் மகன், நீதான் வேகம். ஆனா நீ ஓடக்குள்ள ரெண்டு பேர்ட காலடி கேக்குது. மத்த ஆள் ஆரெண்டு தெரியாம எப்பிடி இறக்குற?”

அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் தனியே ஓடிப் பார்த்தேன். வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு வாங்க நின்றேன். நான் நின்ற பிறகு, எனக்குப் பின்னால் ஈரமணலில் இரண்டு எட்டு வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மணலில் என் தடங்கள் மட்டும்தான் இருந்தன.

அதை நான் எவரிடமும் சொல்லவில்லை. அடுத்த கிழமை நடந்த சிநேகபூர்வ ஆட்டத்தில் அவராகவே என்னை முழு நேரமும் ஆடவிட்டார். முடிந்ததும் தோளில் தட்டினார்.

“இப்ப ஒராள்ட காலடிதான் மகன் கேக்குது.”

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இருவரில் போனது யார் என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவேயில்லை.