குல்ஃபிக்கு எட்டு வாரம் பத்தியம்

குல்ஃபிக்கு அரிப்பு வரும்வரை சந்திரம்மா அக்கா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அணுபுரம் டவுன்ஷிப்பில் ஒரு கேண்டீனில் முந்நூறு பேருக்குச் சோறு வடிப்பவள். காலை ஆறரைக்குக் கேண்டீன் வேன் ஏறிப் போனால் நாலு மணிக்குத் திரும்புவாள். வந்ததும் துணி, தண்ணீர், பாத்திரம் என்று அடுத்த ஓட்டம். இப்போது வந்ததும் வராததுமாக வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். மடியில் குல்ஃபி, அந்த வெள்ளைப் பொமரேனியன் நாய். காது சிவந்து, வயிற்றில் முடி கொட்டி, பாதத்தைக் கடித்துக் கடித்தே புண்ணாக்கி வைத்திருந்தது.

நான் பக்கத்து வீட்டு ரோகிணி. தையல் மிஷின் ஜன்னலோரம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். ஊர் வம்பு எனக்கு வேண்டாம்தான், ஆனால் அது தானாக வந்து காதில் விழுகிறது.

குல்ஃபி, அவள் புருஷன் வரதன் அண்ணன் கொண்டுவந்த நாய். அவர் ஆபீஸ் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். டவுன்ஷிப்பில் ஒரு குடும்பம் மாற்றலாகி வடக்கே போனபோது குட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வேனை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர், எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமல் வீட்டுக்கு வந்தது. உள்ளே தயிர்சோறு. "துன்னாம பூட்டாரு" என்று மூன்று நாள் அதையே சொல்லி அழுதாள். மற்றதையெல்லாம் எப்படியோ தாங்கிக்கொண்டாள். அந்த டப்பாவை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

மகன் பிரவின்குமாருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. மருமகள் பிரதீபாவுக்கு அம்மா இல்லை, அதனால் பிரசவம் ஆனதும் இங்கேதான் வருவாள். "இன்னும் நாலு மாசம் கீதும்மா. அதுக்குள்ள நாய்க்குச் சரியாவலன்னா யாருக்கானா குடுத்துடு. பச்சக் கொழந்த இருக்கற வூட்ல புண்ணு புடிச்ச நாய வெச்சிகினு இருக்க முடியுமா?" என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவளும் சொல்லவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் ஷ்யாம் பார்த்துவிட்டு, "ஏதோ சாப்பாடு ஒத்துக்கல போல. எதுன்னு கண்டுபிடிக்க ஒரே வழிதான். இது பொறந்ததுலேர்ந்து என்னென்ன சாப்பிட்டிருக்கு, சொல்லுங்க. இதுவரைக்கும் சாப்பிடாத கறி ஒண்ணு, கிழங்கு ஒண்ணு. எட்டு வாரம் அது மட்டும்தான். ஒரு பிஸ்கட் கூட கூடாது" என்றிருக்கிறார்.

கோழி, ஆடு, மாடு, மீன், கருவாடு, முட்டை, நண்டு ஓடு, டீக்கடைப் பொறை என்று அவள் சொல்லிக்கொண்டே போனாளாம். "நாங்க துன்ற எல்லாத்தையும் அதுவும் துன்னுகீது சார்." கடைசியில் மிஞ்சியது முயல்கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும்.

முயலுக்கு எங்கே போவது? அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு பண்ணை இருந்தது. வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளில் இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வருவாள். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் வேகவைத்து, ஏழு டப்பாவாகப் பிரித்து என் ஃபிரிட்ஜில் வைப்பாள். இவளுக்குக் கேண்டீனில் மிஞ்சின சாம்பார். "முந்நூறு பேருக்கு ஆக்கறது ஒரு வேலையே இல்ல ரோகிணி. இந்த ஒரு நாய்க்கு ஆக்கறதுக்குள்ள தாவு தீந்துடுது" என்பாள்.

ஐந்து வாரம் ஆயிற்று. அரிப்பு நிற்கவில்லை. டாக்டர், வேறு ஏதாவது உள்ளே போகிறதா என்று கேட்டதற்குப் பிள்ளை மேல் சத்தியம் செய்துவிட்டு வந்தாள். நானும் கேட்டேன். என்னிடமும் பாய்ந்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடம் என்ன பேசுவது?

ஒரு அவசர ஜாக்கெட்டுக்காக அன்றைக்கு விடிந்ததுமே மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா மதில்மேல் வாழையிலைத் துண்டை வைத்து, ஒரு பிடி சோறு வைத்து, மேலே கெட்டித் தயிர் ஊற்றினாள். கா கா என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போனாள். வரதன் அண்ணன் போனதிலிருந்து ஒருநாள் தவறாமல் நடப்பதுதான். காக்கா வந்தது. நாலு கொத்து கொத்தி இலையை இழுத்தது. பாதிச் சோறு கீழே விழுந்தது. கீழே குல்ஃபி, பந்தியில் இடம்பிடித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அக்கா! இங்க வா, பாரு!"

வந்து பார்த்தாள். நாய் மூக்கில் தயிர். "அது அவருக்கு வெச்சது ரோகிணி" என்றாள்.

"வெச்சது அவருக்கு. துன்னது யாரு?"

"நான் எங்க நாய்க்குக் குடுத்தேன்? அவருக்குத்தான..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை, இருபது பஸ்! ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை.

"கொஞ்ச நாளு காக்கா சோறு வெக்காத அக்கா."

"ஒரு வேள அவரு துன்னாம போனதே போதும். இன்னொரு நாளு நான் பட்டினி போட மாட்டேன்."

மறுநாள் சோற்றைக் கூரைமேல் வீசினாள். சரிவில் உருண்டு நாயின் வாய்க்கே வந்தது. அடுத்த நாள் நாயை உள்ளே போட்டுப் பூட்டினாள். அது குரைத்த குரைப்பில் காக்கா இறங்கவே இல்லை. அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் என் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு டப்பா கேட்டு வாங்கினாள். மதில்மேல் இலை போட்டு, முயல்கறியும் கிழங்கும் பிசைந்து வைத்தாள்.

"உப்பு இல்லய்யா. எட்டு வாரம் பல்லக் கடிச்சிகினு துன்னு. உன் நாய்க்குத்தான்."

காக்கா தின்றது. கீழே விழுந்ததை நாய் தின்றது. எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி எட்டு ஞாயிறு அச்சரப்பாக்கம்.

எட்டாம் வாரம் வயிற்றில் பூனைமுடி போல முளைத்திருந்தது. இனி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. மீனுக்கும் சோற்றுக்கும் ஆகவில்லை. ஒரு கரண்டி தயிர் கொடுத்த மூன்றாம் நாள் காதைப் பிய்த்துக்கொண்டது. பிரவின்குமார் போனில், "அப்ப தயிர நிறுத்திட்டா போதும். நாய் இருக்கட்டும்மா" என்றான்.

மறுநாள் காலை இலையில் சோறும் மீன்குழம்பும் வைத்தாள். தயிர் இல்லை. காக்கா மதிலில் உட்கார்ந்து இலையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, கிட்டே வரவில்லை.

"இனிமே தயிர் கெடையாதுய்யா" என்றாள். "கடசியா உனுக்குக் கட்டிக் குடுத்தது அதான். இன்னா பண்ணச் சொல்ற? நாய் வேணும்னு நீதான கொணாந்த?"

வாசலில் கேண்டீன் வேன் ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை. காக்கா நகர்ந்து வந்து முதல் வாய் எடுக்கும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். வேன் போய்விட்டது.